சுண்டுவிரல் கிழங்கு

கிட்டி, பொன்பெய்த் தீவு
1994 மார்ச் 6

அக்கா கதலீனாவுக்கு,

நீ குவாமிலிருந்து அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. அரிசி நனையவில்லை. சோப்புக் கட்டி ஒன்றைப் பன்றிக்குட்டி கடித்துவிட்டு நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து எவ்வளவோ காலம் ஆகிறது.

தலைவருக்குப் பெருவள்ளிக் கிழங்கு படைக்கிற விருந்தில் நடந்ததை உனக்கு எழுதக் கூடாது என்று இத்தனை நாள் இருந்தேன். மனசுக்குள் வைத்துப் புழுங்க முடியவில்லை. ஒவ்வொரு வீட்டு ஆம்பளையும் கிழங்கைக் கழியில் கட்டி, நாலு பேர் ஆறு பேர் தோள் கொடுத்துத் தூக்கி வந்தார்கள். என் வீட்டு மனுஷன் தாகியோ ஒரு கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு கையில்! விருந்துக் கொட்டகையே திரும்பிப் பார்த்தது. பெத்ரீனாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

“ஏண்டி யோசெபா, உன் வீட்டுக்காரர் கொண்டு வந்தத பாக்கக் கண்ணாடி போட்டுக்கணுமா? என் சுண்டுவிரல் இதவிடப் பெருசா இருக்கே!”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனுஷனும் சேர்ந்து சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சீமைப்பலாவைப் பிட்டுக்கொண்டே இருந்தேன்.

விடிவதற்கு முன்னால் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். வெயில் ஏறியபின் முழங்கால் வரை சேற்றோடு வருகிறார். மத்தியானம் பாயில் விழுந்தால் குறட்டை. சாயங்காலம் சகாவ் வேரை இடித்துச் சாறு பிழிகிற கல்லடியில் போய் உட்கார்ந்து, குடித்துக் கண் சொருகி வருகிறார். பன்றிக்குத் தீனி, பாறைத் திட்டில் வலை, துணி, அடுப்பு எல்லாம் நான். எங்கே போனீங்க என்று கேட்டால், “சும்மா, அந்தப் பக்கம்” என்பார்.

ஆம்பளைகள் பெருவள்ளி போடுகிற இடத்தைக் கேட்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? நம் ஊரில் அடுத்தவர் கிழங்கைப் பார்ப்பது திருட்டுக்குச் சமம். ஆனால் கேட்காமல் இருப்பதற்கு அங்கே ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் இல்லையா? இவரோடு தலைவரிடம் பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் பெரிய கிழங்காகப் படைத்து இரண்டு படி மேலே போய்விட்டார்கள். இவர் மட்டும் அதே கடைசி வரிசையில்.

சோம்பேறியைக் கட்டிக்கொண்டேன் அக்கா. வேறு என்ன சொல்ல.

யோசெபா


குவாம்
ஏப்ரல் 2

யோசெபா,

அழுதுகொண்டே எழுதாதே. மை கலைந்து பாதி படிக்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே சொன்னேன். கேட்டாயா? “அவர் அதிகம் பேச மாட்டார்க்கா” என்று பெருமையாகச் சொன்னாய். பேசாதவன் எல்லாம் உழைப்பாளி என்றால் கல்லுக்குத்தான் முதல் பட்டம் கொடுக்க வேண்டும்.

என்னைப் பார். ஓட்டல் சலவைக்கூடத்தில் காலையில் நுழைந்தால் இருட்டின பிறகுதான் வெளியே வருகிறேன். ஆள் வரவில்லை என்றால் அவள் வேலையும் என் தலையில். வெளுக்கிற மருந்தில் கைத்தோல் உரிந்து போகிறது. ஆனால் நாள் முடிவில் மடித்த விரிப்புகள் என் தலைக்கு மேல் அடுக்கி நிற்கும். அதைப் பார்த்து எவளும் என்னைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. உழைப்பு என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். “சும்மா அந்தப் பக்கம்” என்பது உழைப்பு இல்லை.

போன ஞாயிறு கோயிலில் நம் ஊர்க்காரி ஒருத்தியைப் பார்த்தேன், ஆஸ்பத்திரிக்கு வந்தவள். எல்லோர் எதிரிலும் கேட்கிறாள்: “உங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற மேடு உங்கப்பா நெலமா? நான் காடுன்னுல்ல நெனச்சேன்!” எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்பா இருந்தபோது அந்த மேட்டில் ஒரு களை நிற்குமா?

அந்த நிலம் நம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. கொலோனியாவில் இருக்கும் பெனித்தோவிடம் மரம் அறுக்கிற இயந்திரம் இருக்கிறது. சித்தி மகன், சொன்னால் கேட்பான். அவனை விட்டு மேட்டை உச்சிவரை வெட்டிச் சுத்தம் செய்யப் போகிறேன். வாழை வைக்கலாம், மிளகு வைக்கலாம். உன் புருஷன் செய்யாததை ஒரு இயந்திரம் செய்யட்டும்.

கதலீனா


கிட்டி
ஜூன் 12

அக்கா,

பெனித்தோ ஆள் அனுப்பிக் கேட்டான். இந்த வாரமே வரச் சொல்லிவிட்டேன். தாகியோவின் தாய்மாமா இறந்துபோனார். மாடலினிம் பக்கம் சாவு வீட்டுக்குப் போயிருக்கிறார். சடங்கெல்லாம் முடித்து வர நாளாகும். அவர் இருந்தால், “எதுக்கு, இருக்கட்டும்” என்று இழுப்பார். அவர் இல்லாத நேரத்தில் முடிந்துவிட்டால் நல்லது.

வெட்டுகிறவர்களுக்கு நானே சமைத்துப் போடுகிறேன். திரும்பி வந்து மொட்டை மேட்டைப் பார்க்கட்டும். அப்போதாவது வெட்கம் வருகிறதா பார்ப்போம்.

யோசெபா


குவாம்
ஜூலை 1

யோசெபா,

பெனித்தோ தொலைபேசியில் பேசினான். உச்சிவரை சுத்தமாம்! ஏன் என்று தெரியவில்லை, அவன் குரலில் சுரத்தே இல்லை. களைத்துப் போயிருப்பான். உழைக்கிறவனுக்குத்தானே களைப்பு.

இத்தனை வருஷம் உன் புருஷனால் ஆகாததை மூன்று ஆட்கள் சில நாளில் முடித்துவிட்டார்கள். இதை அவனிடம் நான் சொன்னதாகவே சொல். மழை பிடித்ததும் வாழைக்கன்று வை. கோயிலில் அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தால், “போய்ப் பாரடி எங்கள் மேட்டை” என்று சொல்லப் போகிறேன்.

கதலீனா


கிட்டி
ஜூலை 9

கதலீனா,

உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு அடுப்பில் போட்டேன்.

தாகியோ ஊரிலிருந்து வந்தது இருட்டின பிறகு. மேட்டைப் பார்க்கவில்லை. மறுநாள் வழக்கம்போல விடியுமுன் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து வாசல் கல்லில் உட்கார்ந்தார். வெட்டுக்கத்தியைக் கழுவினார். கழுவினதையே மறுபடி கழுவினார். சாயங்காலம் சகாவ் கல்லடிக்குப் போகவில்லை. என்ன என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல, களைப்பு” என்றார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வெட்கம் வந்துவிட்டது, நல்லது என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை பெனித்தோ வந்தான். வீட்டுக்குள் வராமல் மாமரத்தடியிலேயே நின்றான்.

“யக்கா, நான் பாக்கல. சத்தியமா பாக்கலதான். ஆனா...”

“என்னடா பாக்கல?”

“கீழேருந்து அறுத்துக்கிட்டே போனோம். உச்சியில இருக்கிற அந்தப் பழைய மரம் சாஞ்சப்போ, கூடவே கொடி கொடியா இழுத்துக்கிட்டு வந்துச்சு. காட்டுக்கொடின்னு நெனச்சேன். பக்கத்துல போனா, நார் போட்டுக் கட்டி ஏத்தி விட்டிருக்கு. யாரோ வளத்த பெருவள்ளிக்கா அது.”

“அப்பவே நிறுத்தியிருக்கலாம்ல?”

“நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அடுத்தவர் கிழங்கப் பாக்கலாமா?”

“கூட வந்தவனுங்ககிட்டயாவது சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!”

“சொன்னா நான் பாத்துட்டேன்னு ஆயிடுமே யக்கா.”

கேட்டாயா? மரியாதையாம்! இவன் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, மற்ற இரண்டு பேரும் மிச்சக் கொடியையும் வெட்டி, அறுத்த மரத்தை அதன் மேலேயே உருட்டிவிட்டார்கள்.

நான் மேட்டுக்குப் போனேன். பார்க்கக் கூடாததைப் பார்த்தேன். மரத்துண்டுகளுக்கு அடியில் மண் குவித்த இடம், என் இரண்டு கையை விரித்தாலும் போதாது அதன் அகலத்துக்கு. கை வைத்தால் முழங்கை வரை இறங்குகிறது, அவ்வளவு பொலபொலப்பு. மேட்டு மண் அப்படி இருக்காது, உனக்கே தெரியும். ஓடைக்கரை மண். அடியிலிருந்து கூடை கூடையாகச் சுமந்து கொட்டியிருக்கிறார். வீட்டில் காணாமல் போய், நாய் தூக்கிக்கொண்டு போனதாக நான் ஊரைக் கூட்டிய கூடைகள் அத்தனையும் அங்கே மக்கிக் கிடக்கின்றன.

ஊரில் எல்லோரும் வருஷா வருஷம் தோண்டினார்கள். கூடைக் கணக்கைப் பார்த்தால், இவர் தோண்டாமல் நாலு வருஷமாக ஒரே கிழங்கை வளர்த்திருக்கிறார். சுற்றிலும் புதரை வேண்டுமென்றே விட்டிருக்கிறார், யார் கண்ணிலும் படக் கூடாது என்று. மத்தியானக் குறட்டை எதனால் என்று இப்போது புரிகிறது.

கொடி காய்ந்துவிட்டது. இனி கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகும். வருகிற விருந்துக்கு அதைத் தூக்கப் பத்துப் பேர் தேவைப்பட்டிருக்கும்.

நீ வெட்டினாய்.

யோசெபா


குவாம்
ஜூலை 24

யோசெபா,

நான் வெட்டினேனா? “இந்த வாரமே வரச் சொல்லிவிட்டேன்” என்று எழுதியது யார்? “சோம்பேறியைக் கட்டிக்கொண்டேன்” என்று அழுதது யார்? நுணலும் தன் வாயால் கெடும் என்பது உனக்குத்தான். வெட்டுகிறவர்களுக்குச் சமைத்துப் போட்ட கையால் எனக்குப் பழி எழுதுகிறாயா?

இன்னும் கேள். நாலு வருஷம் ஒரு கிழங்கு! யாருக்கு? தலைவர் கொட்டகையில் ஒரு நாள் வைத்து, “ஆகா” என்று சொல்லி, அறுத்து ஊர் தின்று ஏப்பம் விடுவதற்கு. அந்த நாலு வருஷமும் உன் பிள்ளைகள் தின்றது யார் அனுப்பிய அரிசி? அதை எந்தக் கொட்டகையில் வைத்து எவன் எனக்குப் பட்டம் கொடுத்தான்?

காய்ச்சலோடு வேலைக்குப் போகிறேன். இடுப்பு ஒடிந்தாலும் போகிறேன். மண்ணுக்குள் ஒளித்துவைத்துவிட்டு மத்தியானம் தூங்குகிறவனை நான் எப்படி உழைப்பாளி என்று கண்டுபிடிப்பது? எனக்கென்ன ஞானக்கண்ணா இருக்கிறது? யாரும் பார்க்காத வேலையும் செய்யாத வேலையும் ஒன்றுதான்.

என்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்காதே.

கதலீனா


கிட்டி
ஆகஸ்ட் 15

அக்கா,

யாரும் பார்க்காத வேலையும் செய்யாத வேலையும் ஒன்றா? நல்லது. நீ குவாமுக்குப் போன வருஷம் எழுதினாயே, நினைவிருக்கிறதா? விருந்தினர் கண்ணில் படக் கூடாது என்று உங்களைப் பின்படி வழியாகத்தான் விடுவார்கள் என்று. ஒருநாள் நடையில் ஒரு வெள்ளைக்காரியின் எதிரே வந்துவிட்டதற்கு மேலாளர் திட்டினார் என்று ஒரு பக்கம் அழுது எழுதினாய். அந்த வெள்ளைக்காரி இராத்திரி படுத்தாளே, அந்த விரிப்பை வெளுத்தது நீ என்று அவளுக்குத் தெரியுமா? அப்படியானால் நீயும் வேலையே செய்யவில்லை. என்ன, கோபம் வருகிறதா? வரட்டும்.

சமைத்துப் போட்டது நான்தான். வரச் சொன்னது நான்தான். அதை நீ எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? 

உன்னோடு மட்டும்தான் சண்டை என்று நினைக்காதே. அந்த மனுஷனோடும் போட்டேன். பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து போய்விட்டது.

“ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க? ஊரே என்னப் பாத்துச் சிரிச்சுது. நானும் சேந்து உங்கள ஏசினேன். குத்துக்கல்லாட்டம் உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்களே!”

“சொல்லிட்டா அது கிழங்கு இல்ல யோசெபா. வெறும் பேச்சு.”

“கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்றதும் பேச்சா?”

“உங்கிட்ட சொன்னா நீ உங்கக்காவுக்கு எழுதுவ. உங்கக்கா குவாம் முழுக்கச் சொல்லும்.”

கையில் கிடைத்த தேங்காய் மட்டையை எடுத்து எறிந்தேன். தோளில் பட்டது. பட்ட இடத்தைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை.

“உங்கப்பா நெலம். வெட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு” என்றார்.

அந்த ஒரு சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம், நானும் திருப்பி அடித்திருப்பேன். நான் வலை வீசுவதும் பன்றி வளர்ப்பதும் நாள் முழுக்க அவர் கண்ணெதிரே நடக்கிறது. அதை ஒருநாள் “நல்லா செய்றே” என்று சொன்னதுண்டா? ஒளித்துச் செய்தால் கௌரவம், எதிரே செய்தால் அது வேலையே இல்லை. இந்த ஊர் வழக்கத்தைத் தூக்கிக் கடலில் போட வேண்டும்.

ஆனாலும் அக்கா, அந்த மண்ணில் கை வைத்தவள் நான். அதைச் சுமந்தவரைச் சோம்பேறி என்று எழுதிய கையும் இதுதான்.

யோசெபா


குவாம்
செப்டம்பர் 18

யோசெபா,

கை வெடித்திருக்கிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

நடந்தது நடந்துவிட்டது. விருந்து வருகிறது. தீவின் அந்தப் பக்கம் ஒருவர் பெரிய கிழங்கு வைத்திருக்கிறாராம், பணம் கொடுத்தால் தருவாராம், பெனித்தோ விசாரித்திருக்கிறான். நான் வாங்கித் தருகிறேன். தாகியோ அதைக் கொண்டுபோய் வைக்கட்டும். யார் வளர்த்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? பெத்ரீனா வாயையும் அடைத்ததாகும்.

இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும், சொல்.

கதலீனா


கிட்டி
நவம்பர் 20

அக்கா,

விலைக்கு வாங்கின கிழங்கா? உன் கடிதத்தை அவருக்குப் படித்துக்கூடக் காட்டவில்லை. காட்டியிருந்தால் முதல் தடவையாக அவர் கத்துவதைக் கேட்டிருப்பேன். அவ்வளவு காலம் ஆகிவிட்டதா நீ போய்? அடுத்தவன் வியர்வையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து தலைவர் முன்னால் வைப்பதற்கு, சோம்பேறி என்றே பெயர் வாங்கிக்கொள்ளலாம்.

விருந்துக்கு ஒரு வாரம் முன்னால் அவர் கிழங்கைத் தோண்டினார். என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன், அவரும் போ என்று சொல்லவில்லை. ஒரு பாதி கறுத்து அழுகி நாற்றம். மறு பாதி நன்றாக இருந்தது. அந்தப் பாதியை அறுத்து, நான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம் பிடித்து நகர்த்தக்கூட முடியவில்லை. துண்டு துண்டாக்கித்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். இன்றுவரை அதைத்தான் சாப்பிடுகிறோம். நீ அனுப்பிய அரிசி மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை. உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை. குத்திக் காட்டத்தான் எழுதுகிறேன், போ.

விருந்தன்று காலையில் அவர் சமையலறைக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கொடியைத் தோண்டி ஒரு கிழங்கு எடுத்தார். ஒரு கையில் பிடிக்கிற கிழங்கு. மறுபடியும்.

“நல்ல பாதி அவ்வளவு கெடக்கே, அதக் கொண்டு போங்க” என்றேன். “அந்தப் பாதியே கொட்டகைல இருக்கிற எல்லாத்தையும் விடப் பெருசு.”

“பாதிக் கிழங்கக் கொண்டு போனா, ஏன் பாதின்னு கேப்பாங்க. கொடிய யாரு அறுத்ததுன்னு கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது யோசெபா.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. யார் அறுத்தது? நீ. யார் வரச் சொன்னது? நான். புருஷன் கிழங்கைப் பெண்டாட்டியே அறுத்தாள் என்று ஊர் நம் இரண்டு பேரையும் காலம் முழுக்கச் சொல்லும். பேரப்பிள்ளைகள் கல்யாணத்தில்கூடச் சொல்லும். அது நடக்கக் கூடாது என்று அந்த மனுஷன் சுண்டுவிரல் கிழங்கைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கொட்டகையில் தலைவர் முன்னால் வைத்து, “ரொம்பச் சின்னது, மன்னிச்சுக்கணும்” என்றார். எல்லோரும் சொல்கிற வழக்கமான பேச்சுதான். இவர் சொன்னால் மட்டும் சிரிக்கிறார்கள். பெத்ரீனா காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

“போன வருஷம் சுண்டுவிரல். இந்த வருஷம் அதோட நகமாடி யோசெபா?”

நான் எழுந்துவிட்டேன் அக்கா. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் வீட்டுக்கு வந்து பாருங்கடி, பரண் நிறையப் பாருங்கடி, உங்கள் புருஷன்மார் எல்லோரும் சேர்ந்தாலும் தூக்க முடியாததை இந்த மனுஷன் தனி ஆளாக வளர்த்தார் என்று கத்தியிருப்பேன். அவர் வரிசையின் கடைசியிலிருந்து என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார்.

உட்கார்ந்துவிட்டேன். வலை இழுத்திருக்கிறேன், பிள்ளை பெற்றிருக்கிறேன், அப்பாவைக் கடைசிக் காலத்தில் தோளில் சாய்த்துக் கவனித்திருக்கிறேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததுபோல ஒரு வேலையை நான் செய்ததில்லை.

அந்தப் பெரிய கிழங்கின் தலைப் பகுதியை விதைக்கென்று அவர் எடுத்து வைத்திருந்தார். இப்போது அது இல்லை. எங்கேயோ நட்டுவிட்டார். எங்கே என்று கேட்கவில்லை. விடியுமுன் அவர் கிளம்பும்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். புதிதாகக் கூடை முடைந்து கதவோரம் வைக்கிறேன். மறுநாள் காணாமல் போகிறது. உடனே வாசலில் நின்று, “பாழாப்போன நாயே, இந்தக் கூடையையும் தூக்கிட்டியா!” என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறேன். நாய் பாவம், என்னைப் பார்த்தாலே ஓடுகிறது.

உன்மேல் கோபம் போகவில்லை. என்மேலும் போகவில்லை. அவர்மேல் கொஞ்சம் இருக்கிறது. அதனால் கிறிஸ்துமஸுக்கு நீ வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தால் மேட்டுப் பக்கம் பார்க்காதே. புதர் திரும்ப மண்டுகிறது. மண்டட்டும்.

ஒரு வேலை மட்டும் உனக்குத் தருகிறேன். நீதான் உழைப்பாளி ஆயிற்றே, செய். கோயிலில் அந்தப் பெண் மறுபடி வந்து, “உங்க மேடு இன்னும் காடாவே கெடக்கே” என்று எல்லோர் எதிரிலும் கேட்பாள். அவளிடம், “ஆமாம், எங்கள் வீட்டு மாப்பிள்ளை சோம்பேறிதான்” என்று சொல். சொல்லிவிட்டு, அவளோடு சேர்ந்து சிரி.

சிரித்துப் பார், எவ்வளவு கனம் என்று தெரியும்.

யோசெபா